ஃபயான்ஸ் என்பது கண்ணாடியாகத் தேறாத கண்ணாடியா?

கேள்வி, பிப்ரவரி 2

எகிப்திய நீல நீர்யானைப் பொம்மையின் நகல் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்தேன். அட்டையில் 'நீலப் பீங்கான்' என்று எழுதியிருந்தது. பக்கத்து அலமாரியில் கிட்டத்தட்ட அதே நீலத்தில் மணிகள், அங்கே 'கண்ணாடி'. இரண்டும் ஒன்றுதானா? கண்ணாடி செய்யப்போய், முழுதாக உருகாமல் பாதியில் நின்றுபோனதைத்தான் ஃபயான்ஸ் என்கிறார்களா?

பிப்ரவரி 2, இரவு

பீங்கான் கிடையாது. பீங்கானுக்குக் களிமண் வேண்டும். எகிப்திய ஃபயான்ஸில் களிமண் என்பதே இல்லை எனலாம். குவார்ட்ஸ் கல்லையோ மணலையோ மாவாக இடித்து, சிறிது சுண்ணாம்பும் காரமும் (சோடா, சாம்பல் உப்பு போன்றவை) சேர்த்துப் பிசைந்ததுதான் உடல். அதன்மேல் மெல்லிய கண்ணாடிப் படலம். நீலம் செம்பு தந்தது. இத்தாலியின் ஃபயென்சா ஊரில் செய்த மெருகிட்ட மண்பாண்டங்களின் பெயரை ஐரோப்பியர்கள் பிற்காலத்தில் இதற்கும் சூட்டிவிட்டார்கள். பளபளப்பைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. எகிப்தியர்களே 'மின்னுவது' என்ற பொருளில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்?

'தேறாத கண்ணாடி' நல்ல வர்ணனை. பெரும்பாலும் சரி என்றே சொல்வேன். குவார்ட்ஸ் தனியாக உருக ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழங்கால உலை எதுவும் அதை எட்டவில்லை. சோடாவோ சாம்பலோ சேர்த்தால் 1,000, 1,100 டிகிரியிலேயே இளகிவிடும். அந்த இளக்கியைக் குறைவாகப் போட்டால் மேல்தோல் மட்டும் கண்ணாடியாகி உள்ளே மணல் மணலாகவே நிற்கும். அதுதான் ஃபயான்ஸ்.

பிப்ரவரி 3, காலை

நேற்று இரவு எழுதியதில் கடைசிப் பத்தியின் வேதியியல் சரி, 'பெரும்பாலும் சரி' என்று தலையாட்டியது தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது.

காலக்கணக்கைப் பாருங்கள். எகிப்தில் ஃபயான்ஸ் மணிகள் கி.மு. 4 ஆம் ஆயிரத்தாண்டிலேயே இருக்கின்றன. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்குக் கீழே உள்ள அறைகளில் நீல ஃபயான்ஸ் ஓடுகளை ஆயிரக்கணக்கில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள், அது கி.மு. 27 ஆம் நூற்றாண்டு. கண்ணாடியை வேண்டுமென்றே, தொடர்ந்து செய்யத் தொடங்கியதோ கி.மு. 16 ஆம் நூற்றாண்டு வாக்கில். அண்ணன் பிறந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்த தம்பியைக் காட்டி, 'நீ இவனைப் போல ஆகத் தவறிவிட்டாய்' என்று அண்ணனைத் திட்டுவது போன்றது இது. அதோடு, கண்ணாடி வந்த பிறகும் ஃபயான்ஸ் நிற்கவில்லை. ரோமானியர் காலம் வரை செய்துகொண்டே இருந்தார்கள்.

பிப்ரவரி 3, மாலை

மெருகை எப்படிப் பூசினார்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று வழிகள். ஒன்று, குழம்பாகக் கரைத்துப் பூசுவது. சட்டிக்கு மெருகிடுவதைப் போல. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, புதைத்துச் சுடுவது. மணியை மெருகுப் பொடிக்குள்ளேயே புதைத்துச் சூளையில் வைத்துவிட வேண்டும். சுட்டு ஆறியதும் பொடி உதிரும். உள்ளே மணி முழுவதும் நீலமாக மின்னும். ஈரானின் கும் நகரில் கழுதைகளின் கழுத்தில் கட்டும் நீல மணிகளை 20 ஆம் நூற்றாண்டிலும் இப்படியே செய்துகொண்டிருந்தார்கள். ஹான்ஸ் வுல்ஃப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் அதை நேரில் பார்த்து 1968 இல் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு, பொடிக்குள் புதைத்தால் மணி பொடியோடு ஒட்டிக்கொள்ளாதா என்று மூளையைக் கசக்கியவர்கள் உண்டு. கழுதைமணிக்காரரிடம் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய செங்கல் சுவரில் உப்புப் பூக்கிறதே, அதே சங்கதி. பிசைந்த மாவிலேயே காரமும் செம்பும் இருக்கும். உலர உலர நீர் வெளியேறும். கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு மேலே வரும். மேற்பரப்பில் வெண்ணிறமாகப் பூத்து நிற்கும். சுட்டால் அந்தப் பூவே கண்ணாடியாகிவிடும். பூச வேண்டாம், புதைக்க வேண்டாம்.

பிப்ரவரி 9

சும்மா எழுதிக்கொண்டே இருப்பானேன் என்று செய்து பார்த்தேன். குவார்ட்ஸ் மாவு, சமையல் சோடா, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், சிட்டிகை செம்பு கார்பனேட். (மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. செம்பு உப்பும் நஞ்சு.)

முதல் அதிர்ச்சி, அந்த மாவு. களிமண்ணில் பழகிய கைக்கு இது துரோகம். கட்டியாக இருக்கிறதே என்று உருட்டினால் இரண்டு சுற்றில் கூழாகிச் சரிகிறது, விட்டால் மறுபடியும் இறுகுகிறது, வளைத்தால் விரிகிறது. பழைய ஃபயான்ஸ் மணிகள் எல்லாம் ஏன் எளிய உருளையும் தட்டுமாக இருக்கின்றன, பெரிய உருவங்களுக்கு ஏன் அச்சும் செதுக்கலும் தேவைப்பட்டன என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

இரண்டாவது, அவசரம். ஈரம் சீராகக் காயட்டும் என்று துணிபோட்டு மூடி வைத்தேன். களிமண்ணுக்கு அதுதான் நல்ல பழக்கம். இதற்கு அதுவே கேடு. காற்றுப் படாவிட்டால் உப்புப் பூக்காது. மூன்று நாள் கழித்துத் திறந்தால் ஏழு மணிகள், மொழுமொழுவென்று, ஒன்றின்மேலும் ஒரு பூ இல்லை. சுட்டதும் வெளிறிய பச்சையில் சொரசொரப்பாக வந்தன. குளிக்காத மாத்திரைகள்.

பிப்ரவரி 10

மாத்திரைக்குக் குளியல் எதற்கு என்று கேட்டவருக்கு: உவமை சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16

இரண்டாம் சூளை. திறந்த வெளியில் காயவைத்தேன். மறுநாளே வெண்பூ. ஒரு மணியை ஆர்வத்தில் விரலால் தூக்கிப் பார்த்துவிட்டேன். தொட்ட இடத்தில் பூ உதிர்ந்தது. சுட்ட பிறகு அந்த மணியில் விரல் பட்ட இடம் மட்டும் மெருகில்லாமல் மொட்டையாக இருக்கிறது. எல்லா மணிகளிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கமும் மொட்டை, காற்றுப் படாததால். பழைய பொருள்களில் இந்த மொட்டை அடியைப் பார்த்துத்தான் 'இது உப்புப் பூத்தது' என்று ஆய்வாளர்கள் ஊகிப்பார்கள். புதைத்துச் சுட்டால் இந்தத் தடம் இருக்காது.

சூளை ஒரு நண்பருடையது. 920 டிகிரிக்குச் சொல்லி வைத்திருந்தேன். 'இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டுமே' என்று கடைசியில் 990க்கு ஏற்றியது என் கைங்கரியம். ஒரு மணி வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்துப் பார்த்ததில் தட்டுதான் உடைந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 17

உடைந்தது உடைந்ததுதான் என்று அந்த மணியின் குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் பார்த்தேன். மேலே கண்ணாடித் தோல். கீழே குவார்ட்ஸ் குருணைகள். குருணைகளுக்கு நடுவே பாலம்போலக் கண்ணாடி இழைகள். ஆய்வகங்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதும் இதைத்தான். உப்புப் பூத்ததில் உள்ளேயும் கண்ணாடிப் பாலங்கள் நிறைய இருக்கும், காரம் மாவுக்குள்ளேயே இருந்ததால். புதைத்துச் சுட்டதில் உள்ளே அநேகமாக வெறும் குருணை. தோலுக்கும் உடலுக்கும் எல்லை பளிச்சென்று தெரியும்.

இதை வைத்துக்கொண்டு 'குறுக்குவெட்டைக் காட்டு, முறையைச் சொல்கிறேன்' என்று மார்தட்ட ஆசைதான். ஆனால் மைக்கேல் டைட் போன்றவர்கள் ஆய்வகத்தில் மூன்று முறைகளிலும் புதிதாகச் செய்து, வெட்டிப் பார்த்தே இந்த அடையாளங்களைத் தேடினார்கள். அவர்களே தயங்கித்தான் பேசுகிறார்கள். மாவிலும் காரம் சேர்த்து, மேலேயும் பூசியிருந்தால்? மூவாயிரம் வருட ஈரத்தில் உள்ளே இருந்த கண்ணாடி கரைந்து போயிருந்தால்? அப்போது உப்புப் பூத்ததும் புதைத்ததைப் போலத்தான் தெரியும்.

பிப்ரவரி 18

ஈரம் என்றதும் ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது. ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும், கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஒன்றைப் பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள். பழைய மணி ஒன்றின்மேல் வைத்து அழுத்தினேன். சிலிக்கா ஏராளம், சோடியம் அறவே இல்லை. 'சோடா இல்லை, ஆகவே இது கண்ணாடியே இல்லை' என்று எல்லோர் முன்னிலும் அறிவித்தேன். சொல்லிக்கொடுத்தவர் சிரிக்காமல் இரண்டு விஷயங்களைச் சொன்னார். சோடியம் வெளிவிடும் எக்ஸ் கதிர் மிகவும் மெலிது. கருவிக்கு வந்து சேரும் முன்பே காற்றில் கரைந்துவிடும். வந்தாலும் பயன் இல்லை. மண்ணுக்குள் கிடந்த கண்ணாடியின் தோலிலிருந்து சோடாவை நீர் என்றோ உறிஞ்சிவிட்டது. நான் அளந்தது கண்ணாடியை அல்ல, அதன் செதிலை.

அந்தச் செதில் அடுக்கடுக்காக உரிவதைப் பார்த்து, மரத்தின் வளையத்தை எண்ணுவதைப் போல எண்ணினால் வயது கிடைக்குமே என்று ராபர்ட் பிரில், ஹூட் இருவரும் 1961 இல் முன்வைத்தார்கள். அருமையான யோசனை. நம்பத்தக்க காலக்கணிப்பு முறையாக அது நிலைக்கவில்லை.

இப்போது நம்பிக்கையோடு செய்வது வேறு. துணுக்கை வெட்டி வழவழப்பாகத் தேய்த்து, செதிலுக்குக் கீழே நல்ல கண்ணாடியை எலக்ட்ரான் கற்றையால் அளப்பார்கள். வெட்ட அனுமதி இல்லாத பொருள் என்றால் லேசரால் கண்ணுக்குப் புலப்படாத குழி ஒன்றைத் தோண்டி, எழும் ஆவியை நிறை நிறமாலைமானிக்குள் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) செலுத்துவார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் தனிமம்கூட அகப்படும். கருவி பொய் சொல்லாமல் இருக்கிறதா என்று சோதிக்க, பழங்காலக் கலவையில் புதிதாக உருக்கிய கண்ணாடிகள் இருக்கின்றன: கார்னிங் ஏ, பி, சி, டி. இப்போதும் ஆய்வாளர்கள் இவற்றைக் கொண்டே கருவியைச் சரிபார்க்கிறார்கள்.

பிப்ரவரி 20

'கண்ணாடியைக் கண்ணாடி என்று அன்றைக்கு நினைத்தார்களா?' நல்ல கேள்வி. இல்லை, கல் என்று நினைத்தார்கள்.

மெசபடோமியாவில் நீலக் கல்லான லாபிஸ் லசுலியில் இரண்டு வகை சொல்கிறார்கள்: மலையிலிருந்து வந்தது, சூளையிலிருந்து வந்தது. இரண்டாவதுதான் நீலக் கண்ணாடி. போலி என்ற இளக்காரம் அந்தப் பெயரில் இல்லை. எங்கே பிறந்தது என்பது மட்டும் வேறு. எகிப்தியச் சொல்வழக்கிலும் கண்ணாடி 'வார்க்கப்பட்ட கல்'.

நினிவேயில் அசுர்பானிபால் மன்னனின் நூலகக் களிமண் பலகைகளில் கண்ணாடிச் செய்முறைகள் இருக்கின்றன, கி.மு. 7 ஆம் நூற்றாண்டு. நல்ல மாதத்தில் நல்ல நாள் பார்த்து உலைக்கு அடித்தளம் போடு, சிறு தெய்வ உருவங்களை வை, அந்நியரை உள்ளே விடாதே, ஆடு பலி கொடு, பிறகு இன்ன கல்லையும் இன்ன சாம்பலையும் இந்த எடையில் எடு என்று போகிறது. முன்பெல்லாம் அந்தச் சடங்குப் பகுதியைத் தாண்டிக் குதித்து எடைக்கணக்குக்குப் போய்விடுவேன். தட்டு உடைந்த பிறகு, உலைக்கு முன்னால் ஒரு கும்பிடு போடுவதில் தவறில்லை என்று படுகிறது.

பிப்ரவரி 24

இப்போது இந்த இழையின் முதல் கேள்விக்கே வேறு வழியாகத் திரும்புகிறேன். 'தேறாதது' என்ற சொல் என்னை விடவில்லை.

துருக்கியின் ஊளுபுருன் முனைக்கருகே கி.மு. 14 ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் மூழ்கிய கப்பலை 1984 முதல் 1994 வரை தோண்டினார்கள். அதில் ஏறக்குறைய 175 கண்ணாடிக் கட்டிகள், கோபால்ட் நீலமும் செம்பு நீலமுமாக. வட்டமான, தடித்த கட்டிகள். கண்ணாடியை ஒருவர் உருக்கி விற்றார், வேறொருவர் வாங்கி மணியும் குப்பியும் செய்தார் என்பதற்குச் சரக்கே சாட்சி. ஆனால் உருக்கியவர் எங்கே இருந்தார்? அழகான கட்டி அதைச் சொல்லாது. அது ஊரைவிட்டுப் போய்விட்டது.

சொன்னது குப்பை. எகிப்தின் கந்தீர், இராம்சேசுகளின் பழைய தலைநகர். அங்கே திலோ ரேரனும் எட்கர் புஷ்ஷும் உடைந்த மூசைகளையும் (உருக்கும் மண்கலங்கள்) பாதி உருகி வீணான கண்ணாடியையும் ஆராய்ந்து 2005 இல் வெளியிட்டார்கள். முதலில் குவார்ட்ஸ் மாவையும் தாவரச் சாம்பலையும் சாடிகளில் குறைந்த சூட்டில் இளக்கினார்கள். பிறகு உடைத்து, நிறம் சேர்த்து, உருளை மூசையில் மறுபடி உருக்கினார்கள். அந்த மூசையின் உள்ளளவும் கப்பல் கட்டிகளின் அளவும் பொருந்திப்போகின்றன. சரியாக உருகியிருந்தால் அந்தச் சாடியில் நமக்கு மிச்சம் எதுவும் இருந்திருக்காது. ஒருவருடைய கெட்ட நாள் இல்லாவிட்டால் நமக்குச் செய்முறையே தெரிந்திருக்காது.

இன்னொன்று: ஒட்டாமல் இருக்க அந்த மூசைகளுக்கு உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். 16 ஆம் தேதிக்கு முன்பே இதைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 25

கெட்ட நாட்களில் மிகப் பெரிய கெட்ட நாள் இஸ்ரேலின் பெத் செயாரிமில் இருக்கிறது. 1956 இல் ஒரு பழைய நீர்த்தொட்டிக் குகையைச் சீர்செய்தபோது பெரிய பாறைப் பலகை குறுக்கிட்டது. அசைக்க முடியாமல் அப்படியே விட்டார்கள். பல வருடங்கள் கழித்துத்தான் அது கண்ணாடி என்று தெரிந்தது: 3.4 மீட்டர் நீளம், ஏறக்குறைய 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் அளவுக்குத் தடிமன், சுமார் 9 டன். ஒரே உலையில், ஒரே உருக்கலில், 1,100 டிகிரி அளவில் நாள்கணக்காக எரித்திருக்க வேண்டும்.

ஏன் உடைத்து விற்கவில்லை? கெட்டுப்போனது. சுண்ணாம்பு அளவுக்கு மீறி, சாதாரணமாக இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு இருந்ததால், ஆறும்போது உள்ளே படிகங்கள் விளைந்து, ஒளி புகாத கல்லாகிவிட்டது.

சுண்ணாம்பு ஏன் கூடியது என்பதில்தான் சுவை. ரோமானியர் காலத்தில் அந்தப் பக்கத்து மத்தியதரைக் கடற்கரை மணலோடு, எகிப்திலிருந்து வந்த நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பைச் சேர்த்தார்கள். நேட்ரானில் சுண்ணாம்பு கிடையாது; வேண்டிய சுண்ணாம்பைக் கடல்மணலில் கலந்திருந்த சிப்பித் துணுக்குகள் கொடுத்துவிடும். அருமையான பொருத்தம். பிற்காலத்தில், கி.பி. 8, 9 ஆம் நூற்றாண்டுகளில், நேட்ரானை விட்டுத் தாவரச் சாம்பலுக்கு மாறினார்கள். சாம்பலிலோ தன்னிடமே சுண்ணாம்பு உண்டு. பழைய மணலை மாற்றாமல் புதிய சாம்பலைப் போட்டால்? சிப்பிச் சுண்ணாம்போடு சாம்பல் சுண்ணாம்பும் சேரும். 9 டன்னும் போச்சு. இயன் ஃப்ரீஸ்டோனும் யேல் கோரின்-ரோசனும் தரும் விளக்கம் இதுதான். எனக்கு அது மிகவும் நம்பும்படி இருக்கிறது. தாளிப்பு மாற்றியவர் உப்பைக் குறைக்க மறந்த கதை.

மேலே நேட்ரான், சாம்பல் என்று பிரித்ததை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எளிது. மக்னீசியாவும் பொட்டாஷும் (மக்னீசியம், பொட்டாசியம் ஆக்சைடுகள்) தலா 1.5 விழுக்காட்டுக்குக் குறைவென்றால் நேட்ரான். இரண்டும் கூடுதலென்றால் சாம்பல்.

பிப்ரவரி 26

'எல்லாக் கண்ணாடியும் இந்த இரண்டில் ஒன்றா?' இல்லை, நேற்றைய கடைசிப் பத்தி மத்தியதரைக் கடல் பக்கத்துக்கு மட்டும். அரிக்கமேட்டு மணிகள் உட்படத் தெற்காசியக் கண்ணாடிகள் பலவற்றில் மக்னீசியா குறைவு. எனவே முதல் பார்வைக்கு நேட்ரான் போலத் தெரியும். ஆனால் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) 5 விழுக்காட்டைத் தாண்டிப் போகிறது. கல் சிதைந்த மணலும், தரையில் பூத்த உவர் உப்பும் சேர்ந்த கலவை அது. மறுபடியும் உப்புப் பூத்தல்! எகிப்திய மணிமேல் பூத்தது இங்கே நிலத்திலேயே பூத்திருக்கிறது.

மார்ச் 1

கோபால்ட் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 0.1 விழுக்காடு போதும், கண்ணாடி ஆழ்ந்த நீலமாகிவிடும். எகிப்தின் புதிய அரசுக் காலக் (துத்தன்காமுன், இராம்சேசுகள் ஆண்ட காலம்) கோபால்டோடு மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம் கூடவே வருகின்றன. மேற்குப் பாலைவனத்துச் சோலைகளில் கிடைக்கும் படிகாரத்தின் கைரேகை அது. ஊளுபுருன் கட்டிகளிலும் இந்தக் கைரேகை இருக்கிறது.

ஆனால் கைரேகை அழியும் இடம் ஒன்று உண்டு: பழைய கண்ணாடியை உடைத்து மறுபடி உருக்குவது. ரோமானியர்கள் கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க ஆண்டிமனி போட்டார்கள், அல்லது மாங்கனீசு போட்டார்கள். ஒரே துண்டில் இரண்டும் இருந்தால் எங்கோ இரண்டு பழைய குப்பிகள் ஒரே மூசையில் விழுந்திருக்கின்றன என்று பொருள். அதன்பின் ஊர் தேடுவது வீண்வேலை.

மார்ச் 2

எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் மார்பணியின் நடுவிலுள்ள மஞ்சள் வண்டும் கண்ணாடிதானே என்று ஒருவர். கண்ணாடிதான், ஆனால் மனிதர் செய்ததல்ல. லிபியப் பாலைவனத்தில் கிடக்கும் இயற்கைக் கண்ணாடி. வயது ஏறக்குறைய 2.9 கோடி ஆண்டுகள். சிலிக்கா 98 விழுக்காடு அளவுக்கு. அதை உருக்கிய சூட்டுக்கு எந்தச் சூளைக்காரரும் பொறுப்பேற்க மாட்டார்.

மார்ச் 8

மூன்றாம் சூளை. புதிய தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கந்தீர் வழியில் அதன்மேல் சுண்ணாம்பு பூசினேன். 920 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரிகூட ஏற்றவில்லை. நான்கு மணிகள் அசல் நீலத்தில், கண்ணாடித் தோலோடு, ஒட்டாமல் வந்தன. 16 ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன மொட்டை அடி இவற்றிலும் உண்டு. முள்ளின்மேல் நிறுத்திக் காயவைத்தால் போகலாம், அடுத்த முறை பார்க்க வேண்டும்.

படம் போடச் சொல்கிறீர்கள். நான்கையும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று சூளை நண்பரிடம், மற்றவை எந்த ஊரில் இருக்கின்றனவோ. மேசையில் இருப்பது தட்டுத் துண்டோடு ஒட்டியிருக்கும் அந்தப் பிப்ரவரி மணி மட்டும்தான். வேண்டுமானால் அதைப் படம் எடுத்துப் போடுகிறேன்.